முதலாமிடத்தாரின் புள்ளிகள்

ஒரு விளையாட்டை விளையாடாமலே அதில் பதினொரு மாதம் முதலாமிடத்தில் இருந்த மனிதர், எனக்குத் தெரிந்து, இந்தப் பூமியில் ஒருவர்தான். கோப்பாயில் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவர். சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு அவர் முதலாமிடத்தார்.

யாழ்ப்பாண நகரில் ஒரு போன் கடையின் மேல்மாடியில் சனிக்கிழமைதோறும் அட்டைப் போட்டி நடக்கும். சீட்டுக்கட்டு அல்ல, பூதங்களும் மந்திரங்களும் அச்சடித்த அட்டைகளை ஆளாளுக்குச் சேர்த்துவைத்து மோதுகிற விளையாட்டு. வென்றால் தரவரிசையில் புள்ளி ஏறும், தோற்றால் இறங்கும். வருட முடிவில் முதலாவதாக நிற்பவருக்குக் கொழும்புப் போட்டியில் ஓர் இடம். குடாநாடு முழுவதற்கும் அந்த ஒன்றுதான்.

வந்த புதிதில் அவர் வரிசையாக ஒன்பது ஆட்டம் வென்று உச்சிக்கு ஏறினார். அடுத்த சனிக்கிழமை மடிப்புக் கலையாத சேட்டோடு வந்து கதிரையில் அமர்ந்தார். அட்டைகளை வெளியே எடுக்கவில்லை.

“ஏன் அண்ணை, விளையாடேல்லையோ?” என்று கேட்டேன்.

“விளையாடினால் தோக்கலாம். தோத்தால் புள்ளி இறங்கும். சும்மா இருந்தால் இறங்காது.”

விதிப் புத்தகத்தை இரண்டு தரம் புரட்டினோம். மனிதர் சொன்னது சரி. நாங்களோ ஒருவரையொருவர் மாறிமாறி வென்று, அவருக்குக் கீழேயே நின்றோம்.

அதன்பின் அவர் வீட்டில் மகளோடுகூட விளையாடவில்லை. புதன்கிழமைகளில் போன் கடைக்காரரை அழைத்து, “பட்டியல் மாறேல்லையோ?” என்று கேட்பார்.

“அண்ணை, போட்டி சனிக்கிழமை. இண்டைக்குப் புதன்.”

“ஓம், தெரியும். எண்டாலும் ஒருக்காப் பாரும்.”

வருடத்தின் கடைசிச் சனிக்கிழமை அடைமழை. விளையாட ஏழு பேர்தான் வந்திருந்தோம். எட்டாவதாக அவர், வழக்கம்போல் கதிரையில்.

“எட்டுப் பேர் விளையாடாட்டி இண்டையான் முடிவு பட்டியலிலை ஏறாது,” என்றார் கடைக்காரர்.

எல்லோரும் முதலாமிடத்தாரைப் பார்த்தோம். அவர் மின்விசிறியைப் பார்த்தார். இன்னும் அரைமணி நேரம் அசையாமல் இருந்தால் கொழும்பு அவருக்கு.

இரண்டாமிடத்தில் இருந்தவள் கரவெட்டியிலிருந்து வரும் தாதி. அன்று டியூட்டி மாற்றி, இரண்டு பஸ் ஏறி, நனைந்து வந்திருந்தாள். முகம் சுளிக்காமல் அட்டைகளை அடுக்கிப் பைக்குள் வைத்தாள். “பரவாயில்லை அண்ணை, அடுத்த வருசம் பாப்பம்,” என்று கடைக்காரரிடம் சொன்னாள்.

முதலாமிடத்தார் எழுந்து படியிறங்கிப் போனார். வீட்டுக்குப் போகிறார் என்றுதான் நினைத்தோம். அவரோ கீழே குழாயில் சவர்க்காரம் போட்டுக் கைகழுவி, துடைத்துக்கொண்டு திரும்பி வந்து அவள் முன்னால் அமர்ந்தார்.

“துவங்குங்கோ பிள்ளை.”

பதினொரு மாதத் துரு. பாதி ஆட்டத்தில் தன் கையிலிருந்த அட்டையையே என்னிடம் நீட்டி, “இது என்ன செய்யிறது?” என்று கேட்டார். அவளிடம் தோற்றார். அடுத்த இரண்டு பேரிடமும் தோற்றார். கொழும்புக்கு அவள் போனாள்.

படியிறங்கும்போது, “ஏன் அண்ணை எழும்பினனீங்கள்?” என்றேன்.

“உந்தக் கதிரையிலை இருந்து இருந்து நாரி நொந்துபோச்சு,” என்று இடுப்பைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

இப்போது பட்டியலில் அவர் ஆறாவது. வாராவாரம் விளையாடுகிறார், வாராவாரம் தோற்கிறார். அவர் வரச் சற்றுப் பிந்தினால், நாங்கள் ஏதாவது சாக்குச் சொல்லி முதல் ஆட்டத்தைத் தள்ளிப்போடுகிறோம்.