என் பெட்டியில் ஒரு துப்பாக்கி இருக்கிறது

சில வாக்கியங்களை எந்தக் குரலில் சொன்னாலும் வம்புதான். ‘என் பெட்டியில் ஒரு துப்பாக்கி இருக்கிறது’ என்பது அப்படிப்பட்டது. விமான நிலையக் கவுண்டரில் அதை மெதுவாகச் சொன்னால் எதையோ மறைப்பதுபோல இருக்கும். சத்தமாகச் சொன்னால் பின்னால் நிற்பவர்கள் தரையில் படுத்துவிடுவார்கள். நான் நடுவாந்தரமாகச் சொன்னேன். எனக்குப் பின்னால் நின்ற குடும்பம் தள்ளுவண்டியோடு அடுத்த வரிசைக்குப் போய்விட்டது.

போட்டிகளில் சுடுகிற ஏர் ரைஃபிள்தான் அது. மிளகு அளவு ஈயக் குண்டைக் காற்றால் தள்ளும், அவ்வளவுதான். ஆனால் பார்ப்பதற்கு ஒரு சிறிய நாட்டைப் பிடித்துவிடலாம் போல இருக்கும்.

எனக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்கள் ஊர், பொள்ளாச்சி வழியில் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி, பாலக்காட்டுப் பக்கம். தென்னந்தோப்புக்கு நடுவில் வீடு. எங்கள் வீட்டில் ஒருவர் பேசினால் அடுத்த தோட்டத்திலிருந்து பதில் வரும். அங்கிருந்து ஒரு பம்ப்செட் கம்பெனியின் டெல்லிக் கிளைக்கு, கணக்குப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தேன். வெள்ளிக்கிழமை மாலை ஆபீசில் “பை” சொன்னால், திங்கள் காலை “குட் மார்னிங்” வரை என் வாயிலிருந்து ஒரு சொல் வராது. (பால் வாங்க விரலைக் காட்டினால் போதும்.) ஒரு ஞாயிற்றுக்கிழமை, குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கக் கண்ணாடி முன் நின்று என் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். இருந்தது, கொஞ்சம் கரகரப்பாக.

அந்த நாட்களில்தான் பக்கத்துத் தெருவில் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பைக் கண்டேன். காதை அடைத்துக்கொண்டு வரிசையாக நின்று, யாரும் யாரோடும் பேசாமல் இருக்க வேண்டிய விளையாட்டு. பாதித் தேர்ச்சி எனக்கு ஏற்கெனவே இருந்தது.

இரண்டு வருடத்தில் கிளப் போட்டியில் மூன்றாவது இடம் வந்தேன். (நான்கு பேர் பெயர் கொடுத்திருந்தோம். ஒருவருக்குக் காய்ச்சல்.) மெடலைக் காட்ட ஆள் தேடினேன். வீட்டுச் சொந்தக்கார அம்மாள் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “தங்கமா?” என்றாள். இல்லை என்றதும் கொடுத்துவிட்டாள். அன்றைக்கே முடிவு செய்தேன்: மெடலையும் ரைஃபிளையும் ஊருக்கே கொண்டுபோய் அம்மாவிடம் காட்டுவது.

போனில் கொஞ்சம் மர்மம் வைத்துப் பேசினேன். “இந்தத் தடவ தனியா வரலீங்மா. கூட ஒண்ணு வருதுங்க.”

“என்ன சாமி சொல்ற?”

“நேர்ல பாருங்க.”

அம்மா, “செரி, நல்லபடியா வாங்க” என்றாள். எனக்கு எப்போதும் ‘வா’தான். ‘வாங்க’ என்று ஏன் சொன்னாள் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

டெல்லியில் பெட்டியைத் திறந்து, காற்றுச் சிலிண்டர் காலியா என்று பார்த்து, என்னையும் சந்தேகத்தோடு பார்த்து, அனுப்பிவிட்டார்கள். கோயம்புத்தூரில் இறங்கியதும் என் பெட்டி மட்டும் பெல்ட்டில் வரவில்லை. ஒரு செக்யூரிட்டியும் விமானக் கம்பெனி இளைஞர் ஒருவரும் அதைக் கையோடு கொண்டுவந்தார்கள்.

“வெளிய வரைக்கும் நாங்களே கொண்டுவந்து தரோணுங்க மேடம்” என்றார் இளைஞர். பிறகு சாதாரணமாக, “பயணம் நல்லா இருந்துச்சுங்களா?” என்று கேட்டார்.

அவர் கேட்டிருக்கக் கூடாது. எவ்வளவோ காலமாக யாரும் என் பக்கத்தில் நடந்துகொண்டு தமிழில் என்னைப் பற்றிக் கேட்டதில்லை. வெளிவாசல் வருவதற்குள் கிளப், மெடல், காய்ச்சல்காரர், வீட்டுக்கார அம்மாள் எல்லோரையும் சொல்லி முடித்தேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்தபடியே இருவரும் வெளியே வந்தோம்.

வெளியே என் குடும்பம் நின்றது. அம்மா பட்டுச் சேலையில், கையில் மல்லிகைச் சரத்தோடு. அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில். அம்மாவின் அண்ணன், அதாவது மாமா, சலவை வேட்டியில், பஞ்சாயத்துக்கு வந்த முகத்தோடு. அப்பா இல்லாத எங்கள் வீட்டில் பெரிய முடிவுகளெல்லாம் அவருடையவை.

மாமா நேராக இளைஞரிடம் வந்தார். “ஏனுங் தம்பி, எந்தூருங்க?”

“சூலூருங்க சார்.”

மாமாவின் முகம் பாதி தெளிந்தது. “என்ன கூட்டமுங்க?” (எங்கள் பக்கம் கூட்டம் என்றால் குலம்.)

“இன்னிக்குக் கம்மிதாங்க சார். பொங்கல் சமயத்துலதான் தாங்காது.”

மாமா குழம்பி நிற்கும்போதே அம்மா முந்திக்கொண்டாள். “அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாமுங்ணா. தம்பி, ஊட்டுக்கு வந்து சாப்புட்டுத்தான் போகோணும். இனி அது உங்க ஊடு.”

அவர் பயந்துபோய் என்னைப் பார்த்தார். “டூட்டி இருக்குதுங்மா. மேடம், இங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டுத் துப்பாக்கிய வாங்கிக்கங்க.”

வாங்கிக்கொண்டேன். அவர் ஏறக்குறைய ஓடினார்.

“அப்ப... இவரு?” என்றாள் அம்மா.

“ஏர்லைன்ஸ் ஆளுங்மா.”

“கூட ஒண்ணு வருதுன்னியே?”

நான் பெட்டியைக் காட்டினேன்.

பொள்ளாச்சி தாண்டும் வரை காரில் யாரும் பேசவில்லை. பெட்டி எனக்கும் அம்மாவுக்கும் நடுவில், மடிகளின் மேல் குறுக்கே கிடந்தது. டெல்லி அறையில் இருப்பதைவிட எனக்குத் தனியாக இருந்தது. செக்போஸ்ட்டில் ஒரு கேரளப் போலீஸ்காரர் குனிந்து பார்த்து, “எந்தா இதில்?” என்றார்.

கோயம்புத்தூரிலிருந்து வாயைத் திறக்காத மாமா திறந்தார். “எங்க புள்ள டெல்லியிலிருந்து கூட்டியாந்த மாப்பிள்ளைங்க சார்.”

போலீஸ்காரர் இரண்டடி பின்னால் போனார். அப்புறம் எல்லோரையும் இறக்கி, பெட்டியைத் திறக்கச் சொல்லி, என் காகிதங்களைப் படித்தார். சுடும் போட்டிக்குத்தான் என்பதற்குச் சாட்சியாக மெடலை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து, “கொள்ளாம்” என்றார். நன்றாயிருக்கிறதாம். என் வீட்டார் அந்த மெடலை முதன்முதலில் பார்த்தது அவர் உள்ளங்கையில்தான்.

வண்டி கிளம்பியது. அண்ணன்தான் முதலில் சிரித்தான். மாமாவுக்கும் தோள் குலுங்கியது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பெட்டிக்கு மேலாகக் கையை நீட்டி என் கையைப் பிடித்தாள்.

“அப்ப அங்க உனக்கு யாருமே இல்லியா சாமி?”

அவள் மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்கவில்லை. “நெறையப் பேரு இருக்காங்மா” என்றேன். வெளியே பார்ப்பதுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீடு வரும்வரை அவள் கையை விடவில்லை.

அன்றிலிருந்து ரைஃபிளுக்கு எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளை என்றுதான் பெயர். கல்யாண வீடுகளில் யாராவது என்னைப் பற்றி விசாரித்தால் மாமாவே முந்திக்கொண்டு, “மாப்பிள்ளை டெல்லியிலீங்க. கோவக்காரருதான். ஆனா நாம சொன்னாத்தான் சுடுவாரு” என்கிறார். எனக்கு இதுவரை வேறு வரன் வரவில்லை.

நான் இன்னும் டெல்லியில், அதே அறையில்தான். ஒரு மாற்றம், அம்மா இப்போது தினமும் இரவு எட்டு மணிக்குக் கூப்பிடுகிறாள். எடுத்ததும், “மாப்பிள்ளை சாப்புட்டாரா?” என்பாள். “ஆச்சுங்மா” என்பேன். “நீயி?” என்பாள். “நானுந்தானுங்மா” என்று சொல்லிவிட்டு, போனை வைத்த பிறகு எழுந்துபோய் அரிசியைக் களைவேன்.