சிவதாணு அத்தானை நீக்கிய ஒற்றை வரி

வடசேரி,
செவ்வாய்க்கிழமை

பெருமதிப்பிற்குரிய இரணியல் சிவதாணு அத்தான் அவர்களுக்கு,

தங்கள் தங்கை உலகம்மையின் கணவன் பூதலிங்கம் பணிவோடு எழுதுவது. இங்கே நான், உலகம்மை, மணப்பெண் சுஜா மூவரும் தாணுமாலயன் சாமி புண்ணியத்தில் உடம்புக்கு நலம், மனசுக்கு நலமில்லை. அங்கே தாங்களும் அக்காவும் நலமா என்று கேட்கலாமென்றால் தாங்கள் ஃபோனை எடுப்பதில்லை. வாட்ஸ்ஆப்பில் அனுப்பியதும் பார்க்கப்படாமல் கிடக்கிறது. ஆகவே தபால்.

சுஜா கல்யாணத்துக்கு ஊரையெல்லாம் அழைத்துவிட்டு, தாய்மாமனான தங்களை அழைக்காமல் விட்டது உண்மைதான். வேண்டுமென்று செய்ததில்லை அத்தான். எல்லாவற்றுக்கும் காரணம் ஒரே ஒரு வரி. கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு அந்த வரியின் மகிமையைக் கேளுங்கள்.

ரிட்டயரான பிறகு சும்மா இருக்கமாட்டாமல் நான் கம்ப்யூட்டரில் பைத்தான் என்ற ப்ரோகிராம் மொழியை வீடியோ பார்த்துப் படித்து வருவது தங்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு யார் யாரை அழைக்க வேண்டும் என்று குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் ஆளாளுக்கு ஒரு பட்டியல் போட்டார்கள். நான் அத்தனையையும் ஒரே எக்செல்லில் கொட்டினேன். கொட்டிப் பார்த்தால் குப்பைமேடு தோற்றது. நாகர்கோவில் என்ற ஊரை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் எழுதியிருந்தார்கள். ஃபோன் நம்பர் இருக்க வேண்டிய கட்டத்தில் ‘அம்மன் கோவில் பக்கத்து வீடு’. எத்தனை பேர் வருவார்கள் என்ற கட்டத்தில் ‘நாலும் ஒரு கைக்குழந்தையும்’. கம்ப்யூட்டர் இதை எப்படிக் கூட்டும்? பெயருக்கு முன்னால் வெற்றிடம், பின்னால் வெற்றிடம், நடுவில் யாரோ ஒரு குட் மார்னிங் வேறு. நான் வீடியோவில் சொன்னபடி ஒரு வரி எழுதி என்டரைத் தட்டினேன். அத்தான், கண்ணிமைக்கும் நேரத்தில் எல்லா வெற்றிடமும் போய்விட்டது! இன்னொரு வரி, எல்லா நாகர்கோவிலும் ஒரே நாகர்கோவில். ஆயுள் முழுக்க ஆபீசில் ஃபைல் திருத்தியவன் நான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. உலகம்மையைக் கூப்பிட்டுக் காட்டினேன். “இதே மாதிரி இந்த அடுக்களையையும் ஒரு தட்டு தட்டுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்புறம்தான் அந்த வரி வந்தது. டிராப் டூப்ளிகேட்ஸ் என்று பெயர். ஒரே ஆளை நம் ஜனங்கள் இரண்டு மூன்று தடவை எழுதியிருப்பார்கள் இல்லையா, ஒரே பெயர் திரும்ப வந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தை அதுவே தூக்கிப் போட்டுவிடும். தட்டினேன். பட்டியல் பாதியாக மெலிந்தது. நம் சொந்தக்காரர்களுக்கு ஞாபகமறதி அதிகம் என்று சிரித்துக்கொண்டேன். மெலிந்த பட்டியலைப் பிடித்துக்கொண்டு ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போனேன். உலகம்மைக்கு முழங்கால் வலி, கூட வரவில்லை. “எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வந்தாச்சா?” என்று கேட்டாள். நான் மனசைக் கேட்டுப் பதில் சொல்லாமல் ஸ்கிரீனைப் பார்த்துப் பதில் சொன்னேன். ‘சிவதாணு – அழைத்தாயிற்று’ என்று அதில் இருந்தது. “போயாச்சு” என்றேன். அதில் இருந்தது தாங்கள் இல்லை, தங்கள் சித்தப்பா மகன் சுசீந்திரம் சிவதாணு.

அந்த மனுஷன் தங்களை ரயில்வே ஸ்டேஷனில் பார்த்து, “கல்யாணத்துக்கு சேர்ந்தே போவோமா அண்ணே?” என்று கேட்டிருக்கிறார். தாங்கள் உடனே தங்கைக்கு ஃபோன் போட்டு, “சுசீந்திரத்துக்காரனையே மாமனா வச்சுக்கிடு மக்கா, நல்லா நடக்கட்டு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். அன்றிலிருந்து இந்த வீட்டில் எனக்குக் காப்பி வருகிறது, பேச்சு வருவதில்லை. சுஜாவோ, “மாமா கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவாம நான் மணவறையில ஏற மாட்டேன்ப்பா” என்று ஒரே பிடியாக நிற்கிறாள்.

பயந்துபோய், நீக்கியவர்களையெல்லாம் திரும்ப வரவழைத்துப் பார்த்தேன். பார்த்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன் அத்தான். தங்கள் தாத்தா சிவதாணு பிள்ளையின் பெயரை அவருடைய மகன்கள் எல்லாரும் தத்தம் மூத்த மகனுக்கு வைத்திருக்கிறார்கள். இரணியல் சிவதாணு, சுசீந்திரம் சிவதாணு, பூதப்பாண்டி சிவதாணு, மஸ்கட் சிவதாணு. வரிசையாக வந்து நிற்கிறார்கள். இது நமக்குத் தெரிந்த வழக்கம்தானே, ஆனால் இப்படி ஒன்றின்கீழ் ஒன்றாக நான் பார்த்ததில்லை. அந்தப் பெரியவரை நான் கண்டதுகூட இல்லை. அவர் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது, ஆனாலும் ஒரு சிவதாணு வயலுக்கு உரம் போடுகிறார், ஒருத்தர் பாலைவனத்தில் ஏசி மாட்டுகிறார். எல்லாரும் ஒரே ஆள்தான் என்று கம்ப்யூட்டர் சொன்னதைத் திட்ட வாயெடுத்தேன், திட்ட வரவில்லை. கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றியது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: என் பெரியப்பா மகன் தோவாளை பூதலிங்கத்தை வைத்துக்கொண்டு என்னையும் அது நீக்கியிருந்தது. பெண்ணைப் பெற்றவனுக்கே அவ்வளவுதான் மரியாதை.

இப்போது வரியைத் திருத்திவிட்டேன். பெயரும் ஊரும் இரண்டுமே ஒன்றாக இருந்தால் மட்டுமே நீக்கும். இனி ஒரு தவறும் வராது. வெள்ளிக்கிழமை காலையில் உலகம்மையும் நானும் தாம்பாளத்தோடு வருகிறோம். தாங்கள் இல்லாமல் இந்தக் கல்யாணம் கல்யாணமாகாது. கதவை மட்டும் திறந்துவிடுங்கள், திட்டுவதை உள்ளே வைத்துத் திட்டுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். வீட்டிலுள்ள சின்னவர்கள் எல்லாரும் தீர்க்காயுசாக இருக்க என் ஆசி.

தங்கள் அன்புள்ள,
வடசேரி பூதலிங்கம்

பி.கு.: இதை ஒட்டுவதற்கு முன் புதிய பட்டியலை வைத்து அழைப்பிதழ் உறைகளில் பெயர் அச்சடித்தேன். தங்கள் மூன்று வயதுப் பேரனுக்கும் தங்கள் பெயர்தான் என்பது எனக்கு ஞாபகமில்லாமல் போய்விட்டது. அவனையும் யாரோ பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். பெயரும் ஒன்று, ஊரும் ஒன்று; திருவா செல்வனா என்ற கட்டத்தில் மட்டும்தான் வித்தியாசம். கம்ப்யூட்டர் தங்களை மறுபடியும் நீக்கிவிட்டது. உறையில் ‘செல்வன் சிவதாணு, இரணியல்’ என்றுதான் இருக்கிறது. வேறு உறை போடட்டுமா என்று உலகம்மையிடம் கேட்டேன். இத்தனை நாளில் முதல் தடவையாகச் சிரித்துவிட்டுச் சொன்னாள்: “வேண்டாம், இதையே கொடுப்போம். பச்சப்பிள்ள தனியாவா வருவான்? கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வர எங்க அண்ணன் வந்துதானே ஆவணும்!”