ஜோன்சனின் நாலு வீடுகள்

இயேசு மரி சூசை துணை

டோர்ட்மண்ட்,
ஜூலை 9

என்றும் என் மதிப்புக்குரிய மரியநாயகம் அத்தானுக்கு,

மைத்துனன் ஜேசுரட்ணம் எழுதுவது. நானும் டொறத்தியும் மகள் லவினியாவும் மாதாவின் இரக்கத்தால் நலம். அக்காவின் முழங்கால் வீக்கம் வற்றியிருக்கும் என்று நம்புகிறேன். தொலைபேசியில் சொல்லக்கூடிய விஷயமென்றால் உடனே எடுத்திருப்பேன். எங்கள் வீட்டுச் சுவர் மெல்லியது, லவினியாவின் காது கூர்மையானது, ஆகவே எழுதுகிறேன். நீங்கள் கொண்டுவந்த சம்பந்தம் எங்களுக்குச் சரிவராது. பெடியனுக்கு நாலு ஊரில் வீடு இருக்கிறது.

நீங்கள் சொன்னது என்ன? பெயர் ஜோன்சன், மன்னார்ப் பக்கம், ரயிலில் சாப்பாட்டுப் பெட்டியில் வேலை, வீடு வீன் நகரத்தில். இங்கே வீன் என்பதும் லண்டன் ஆட்கள் வியன்னா என்பதும் ஒரே ஊர்தான் என்று தெரியாத ஆள் இல்லை நான். முப்பத்தைந்து வருடம் ஐரோப்பாவில் இருந்தவன். ஆனால் ஒரே ஒரு பெண் பிள்ளையை விசாரிக்காமல் கொடுக்க முடியுமா? விசாரிப்பது வெளியே தெரியவும் கூடாது. நாளைக்குச் சரிவராமல் போனால் பிள்ளையின் பெயர்தான் கெடும். அதனால் டொறத்தியிடம்கூடச் சொல்லாமல், குளியலறையில் கதவைப் பூட்டிக்கொண்டு, பெடியனின் முகநூலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.

மூன்று படங்கள் அத்தான். மூன்றும் மூன்று நாட்டு ரயில் நிலையங்களில் எடுத்தவை. மூன்றின் கீழும் ஒரே வசனம்: "வீட்டுக்குப் போறன்." சரி, போகட்டும். ஆனால் பின்னால் நிற்கிற ரயிலில் போகுமிடம் எழுதியிருக்கிறதே! ஹங்கேரியில் எடுத்த படத்தில் அந்த ரயில் பேச் என்ற ஊருக்குப் போகிறது. ஸ்லோவேனியாவில் எடுத்ததில் துனாய் என்ற ஊருக்கு. செக் நாட்டுப் படத்தில் வீடென் என்ற ஊருக்கு. வீன் ஒன்றிலும் இல்லை! லவினியாவின் பழைய பள்ளிக்கூட அட்லஸை எடுத்துப் பக்கம் பக்கமாகத் தேடினேன், இந்த மூன்று ஊரும் அதில் இல்லை. அட்லஸிலேயே இல்லாத ஊரில் ஒருவன் எதற்காக வீடு வைத்திருப்பான், சொல்லுங்கள்?

எங்கள் சலவைக்கூடத்தில் வேலை செய்கிற ஹங்கேரிக்காரியிடம் பேச் என்று கடதாசியில் எழுதிக் காட்டினேன். ஏன் கேட்கிறேன் என்று சொல்லவில்லை. அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அருமையான இடம். என்ரை சித்தி அங்கைதான் இருக்கிறா. நீயும் போறியோ?" என்றாள். ஓம் என்று பொய் சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற போலந்துக்காரனிடம் துனாய் என்று எழுதிக் காட்டினேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அது ஊரில்லை ஐயா, பெரிய ஆறு!" என்றான். அத்தான், ஆற்றுக்குள் வீடு வைத்திருப்பவனுக்கு நான் பிள்ளையைக் கொடுப்பதா? படகு வீடாக இருக்குமோ என்றும் யோசித்துப் பார்த்தேன். யோசிக்க யோசிக்கத் தலை சுற்றுகிறதே தவிர ஒன்றும் பிடிபடவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூன்று படத்திலும் பெடியன் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். அப்படி யாரைப் பார்த்துச் சிரிக்கிறான்? மூன்றிலும் ஓரத்தில் ஒரு சிவப்புக் குடை தெரிகிறது, வாத்துத் தலைப் பிடி போட்டது. படம் எடுப்பவளுடைய குடை அது. நாலு வீட்டிலும் ஒருத்தியா, வீட்டுக்கு ஒருத்தியா என்பது எனக்கு விளங்கவில்லை. இதை லவினியாவிடம் எப்படிச் சொல்வேன்? பாவம், வேலை விஷயமாக நாடு நாடாகப் போய் வந்தாலும் ஒன்றும் அறியாத பிள்ளை. ஆகவே ஆவணி மாதம் கேவலார் மாதா கோயில் திருவிழாவில் பெடியன் வீட்டாரைச் சந்திப்பதாகச் சொன்னதை மரியாதையாக நிறுத்திவிடுங்கள்.

அக்காவுக்கு என் அன்பு. மாதா உங்கள் இருவரையும் சுகத்தோடு காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
குழம்பிப்போயிருக்கும் மைத்துனன்,
ஜேசுரட்ணம்

பி.கு.: மேலே உள்ளதை வாசித்திருந்தால் தயவுசெய்து மறந்துவிடுங்கள். முத்திரை ஒட்டுவதற்குள் டொறத்தி கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டு நேரே லவினியாவிடம் கொடுத்துவிட்டாள். பிள்ளை சிரித்த சிரிப்பில் மேல்வீட்டுக்காரர் தரையைத் தட்டினார்கள். நாலும் ஒரே ஊராம். வீனைத்தான் ஒவ்வொரு நாட்டுக்காரரும் தங்கள் வாயில் ஒவ்வொரு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களாம். துனாய் என்பது போலந்துக்காரனுக்கு ஆறு, ஸ்லோவேனியாக்காரருக்கு அந்த ஆற்றங்கரையில் இருக்கிற வீனாம். நான் நம்பவில்லை. உடனே டொறத்தி அலுமாரியிலிருந்து என் பழைய கோப்பைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். ஞானஸ்நானப் பத்திரத்தில் யாழ்ப்பாணம், கடவுச்சீட்டில் ஜஃப்னா, சிங்கள அடையாள அட்டையில் யாப்பனய. "உங்களுக்கும் மூண்டு ஊர்தானே இருந்தது? நான் ஏதும் கேட்டனானோ?" என்றாள். அகதி விசாரணையில் ஒரு அதிகாரி இந்த மூன்று கடதாசியையும் வரிசையாக வைத்து, இதில் எது உண்மை என்று என்னை மூன்று மணித்தியாலம் கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அன்றைக்கு நான் அழுதேன். இன்றைக்கு அந்த மனிதரின் கதிரையில் நானே போய் உட்கார்ந்திருக்கிறேன் அத்தான். வெட்கமாக இருக்கிறது. பெடியன் வீட்டாரைக் கட்டாயம் வரச் சொல்லுங்கள்.

இதை எழுதி முடித்துத் தபாலில் போடப் புறப்பட்டேன். வெளியே மழை. கதவடியில் கிடந்த குடையை எடுத்தேன். சிவப்புக் குடை, வாத்துத் தலைப் பிடி. லவினியாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் நிலத்தைப் பார்த்தாள். ஜோன்சனின் பெயரை உங்களிடம் முதன்முதலில் சொன்னதே அவள்தானாம். எல்லாம் தெரிந்தும் என்னிடம் மூச்சுவிடாத நீங்கள், கேவலாருக்கு வரும்போது என் பக்கத்தில் உட்கார வேண்டாம்.