தவளைப் பிடியும் தங்கையின் கல்யாணமும்

கப்பலை நம்பியிராத ஊர்களில் பெண் பார்க்க வருகிறவர்கள் கேசரியைத் தின்று, காபியைக் குடித்து, "போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று செருப்பைத் தேடுவார்கள். எல்லாம் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். இரண்டு மணி நேரம் நல்லவர்களாக நடிப்பது எந்தக் குடும்பத்துக்கும் பெரிய காரியமில்லை. அந்தமானில் கதை வேறு. இன்னொரு தீவிலிருந்து பெண் பார்க்க வந்தால் அடுத்த கப்பல் வரும்வரை பெண் வீட்டில்தான் ஜாகை. கடல் கொந்தளித்தால் அடுத்த கப்பலும் கிடையாது. கேசரி தீர்ந்து, நடிப்பும் தீர்ந்து, குடும்பத்தின் சுயரூபம் மெல்ல வெளியே வரும்.

எங்கள் குடும்பத்தின் சுயரூபம் நான்தான்.

சுனாமி முடிந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் பக்கம் எங்கள் வீடு. அப்பா ஒரு அரசாங்க அலுவலகத்தில் ஹெட் கிளார்க். ராமநாதபுரம் பக்கமிருந்து வேலைக்கு வந்தவர், திரும்பிப் போகவே இல்லை. நான் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன் (மாணவர்கள் வந்தால்). தங்கை வாணிக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். கச்சால் தீவிலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. பையன் பெயர் யோகராஜ், அங்கே பவர் ஹவுஸில் ஆபரேட்டர். அவன் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ரப்பர் தோட்ட வேலைக்கு இங்கே அனுப்பப்பட்டது. பாட்டன் காலத்தில் இரண்டு வீட்டுக்கும் ஒரே தாலுகா என்று அப்பா கண்டுபிடித்து, மகிழ்ந்து, வரச் சொல்லிவிட்டார்.

யோகராஜ், அவன் அம்மா, தாய்மாமா என மூன்று பேர் வந்தார்கள். முதல் நாள் எல்லாம் நல்லபடியாக நடந்தது. சாப்பிடும்போது அம்மா, "சாம்பார் எப்படி இருக்கு தம்பி, வாணி வச்சது" என்று கேட்டாள். எந்த மாப்பிள்ளையும் "பிரமாதம்" என்று புளுகியிருப்பான். இவன் யோசித்து, "நல்லா இருக்குங்க. உப்பு மட்டும் கொஞ்சம் கம்மி" என்று சொல்லி, தானே எட்டி உப்பை எடுத்துப் போட்டுக்கொண்டான். நாங்கள் திகைத்தோம். அடுப்படியில் வாணி மட்டும் சிரித்துக்கொண்டிருந்தாள். இதற்கு முன் பார்க்க வந்தவர்களைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. அன்று சாயங்காலம் என்னிடம் வந்து, "அண்ணே, எனக்கு இவரைப் புடிச்சிருக்கு. நீ மட்டும் வாயைத் தொறக்காம இரு, போதும்" என்றாள்.

மறுநாள் காற்று கிளம்பியது. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கொடி ஏறியது. "ஷிப் கேன்சல்" என்று அப்பா செய்தி கொண்டுவந்தார். இரண்டு குடும்பமும் ஹாலில் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பேச வேண்டியதையெல்லாம் முதல் நாளே பேசித் தீர்த்திருந்தோம். மழையைப் பற்றிப் பேசினோம். மழை நிற்கவில்லை, பேச்சு நின்றுவிட்டது. அந்த அமைதியைத் தாங்க முடியாமல் அம்மா வரலாற்றுப் புகழ்பெற்ற அந்த வாக்கியத்தைச் சொன்னாள்.

"டேய், உன் டப்பாவைப் போட்டு விடேன். தம்பியும் ஆடட்டும்."

டப்பா என்பது சென்னை போனபோது நான் வாங்கி வந்த பழைய வீடியோ கேம் பெட்டி. அதில் ஒரு மேடைச் சண்டை ஆட்டம் இருந்தது. ஆளுக்கு ஒரு கட்டை, அதில் பட்டன்களும் ஒரு சின்னக் குச்சியும். ஆகாயத்தில் மிதக்கும் பலகைகளில் நின்றுகொண்டு விலங்குகள் அடித்துக்கொள்ளும். அடி வாங்க வாங்க, திரையின் கீழே ஒரு எண் ஏறும். எண் ஏறினால் ஆள் லேசாகிவிடுவான். அப்புறம் ஒரு தட்டு, மேடையை விட்டுப் பறந்து கடலில் விழுவான். அவ்வளவுதான் சட்டம்.

அந்த ஆட்டத்தில் இரட்டைத் தவளை என்று ஒரு ஜோடி. பெரிய தவளை எதிரியைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும், சின்னத் தவளை முட்டும். பிடி நழுவப்போகும் அந்தக் கண நேரத்துக்குள் அடுத்த முட்டு விழுந்தால் பிடி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். தாளம் தப்பாமல் பட்டனைத் தட்டினால் பிடிபட்டவனுக்கு மோட்சமே இல்லை. அவன் எந்தப் பட்டனை அமுக்கினாலும் ஒன்றும் ஆகாது. இது ஆட்டமா அநியாயமா என்று வெளிநாட்டுப் போட்டிகளில் வருடக்கணக்கில் சண்டை நடந்தது, சில இடங்களில் தடையும் போட்டார்கள் என்பதெல்லாம் பிற்காலத்தில்தான் எனக்குத் தெரியவந்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் பிரமிப்பு மட்டும்தான். ஒரு சைபர் கஃபேயில் அந்தப் பிடியின் வீடியோவை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. அடி அடியாக, தவில் மாதிரி, ஒரே சீராக, இரக்கமே இல்லாமல். ஏதோ இயற்கை விதியைப் பார்ப்பது போல இருந்தது. மனிதக் கட்டைவிரலால் இது சாத்தியமா என்று என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டேன்.

ஆனால் ஒரு சங்கதி. அந்தக் காலத்தில் எங்கள் தீவின் இன்டர்நெட் சாட்டிலைட் வழியாக வரும். மேகம் கூடினால் நின்றுவிடும். அந்த வீடியோ பாதிதான் இறங்கியது. எப்படிப் பிடிப்பது, எப்படி அடிப்பது என்று பார்த்தேன். எப்படி முடிப்பது என்ற பாகம் எங்கோ வானத்தில் தங்கிவிட்டது. நான் கவலைப்படவில்லை. மாதக்கணக்காகக் கம்ப்யூட்டர் எதிரியைப் பிடித்து அடித்துப் பழகினேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டதும் பெட்டியை அணைத்துவிட்டு எழுந்து போவேன். அதுதான் எனக்குத் தெரிந்த முடிவு.

இப்போது ஹாலில் டி.வி. முன்னால் நானும் யோகராஜும். வாணி அடுப்படி வாசலிலிருந்து கண்ணாலேயே உத்தரவு போட்டாள்: தோற்றுத் தொலை.

தோற்பதாகத்தான் இருந்தேன். சத்தியமாக. முதல் ஆட்டத்தில் அவன் துடைப்பம் மாதிரி எதையோ வைத்திருந்த ஒரு கரடியைத் தேர்ந்தெடுத்தான். எல்லாப் பட்டனையும் ஒவ்வொன்றாக அமுக்கி, "இது எதுக்குண்ணே?" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டே என்னைப் பிடித்துக் கடலில் வீசிவிட்டான். நான் தோற்க ஆரம்பிப்பதற்கு முன்பே தோற்றிருந்தேன்.

தாய்மாமா தொடையைத் தட்டிச் சிரித்தார். தீவுப் பழக்கத்தில் அவர் பேச்சில் இந்தி கலந்திருக்கும். "க்யா தம்பி, கம்ப்யூட்டர் வாத்தியார்னாங்க. எங்க பய இன்னிக்குத்தான் தொடுறான்."

அந்த இடத்தில் ஒரு விவேகி சிரித்திருப்பான். நான் இரட்டைத் தவளையை எடுத்தேன். கெடு வைத்து ஆடுவது கோழைகளின் பழக்கம் என்று ஆட்டத்தின் நேர வரம்பையும் அணைத்தேன்.

கரடி என்னை நோக்கி நடந்து வந்தது, பாவம், பஸ் ஸ்டாப்புக்கு வருவது போல. பிடித்தேன். டக். டக். டக். டக்.

தாளம் விழுந்துவிட்டது. முதன்முறையாக ஒரு மனிதன் என் பிடியில். எனக்கே என் மேல் பக்தி வந்தது. எண் ஏறிக்கொண்டே போனது.

"ஏய் யோகா, திருப்பி அடிறா" என்றார் மாமா.

"முடியல மாமா. புடிச்சிருக்காங்க."

"உதறுடா."

"உதறிக்கிட்டுதான் இருக்கேன்."

எண் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதைத் தொட்டு அப்படியே நின்றது. அதற்கு மேல் எண்ண ஆட்டத்துக்கே மனசு வரவில்லை. நான் நிறுத்தவில்லை. நிறுத்த முடியவில்லை. ஒரு தட்டு தவறினால் கரடி நழுவி என்னை அடித்துவிடும். இப்படியே போனால் கப்பல் வந்தாலும் நான் எழுந்திருக்க முடியாது. யாரும் சாப்பிடக் கூப்பிடுவதாகவும் தெரியவில்லை.

யோகராஜின் அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து டி.வி.யைப் பார்த்தார். "இதென்ன, ஒருத்தன் கையைப் புடிச்சுக்க, இன்னொருத்தன் அடிக்கிறான்? இது என்ன வெளையாட்டு?"

அப்பாவுக்கு வியர்த்தது. அலுவலகப் பழக்கம் முன்னே வந்தது. "இதுக்கு ரூல் இருக்காடா? அலவ்டா?"

"மெயின்லேண்ட்ல எல்லாரும் இப்படித்தான்பா ஆடுறாங்க" என்றேன், திரையிலிருந்து கண் எடுக்காமல்.

"மெயின்லேண்ட்ல ஆயிரம் ஜபர்தஸ்தி பண்ணுவான்" என்றார் மாமா. "ரெண்டு பேர் சேர்ந்து ஒருத்தனைப் போடுறது எந்த ஊர்ல நியாயம்? அரே, பஸ் கரோ தம்பி, போதும் விடு."

"மாட்டினவன் சாமர்த்தியம் இல்லாதவன்னும் சொல்லலாமில்ல" என்று அப்பா மெதுவாக என் பக்கம் வந்தார். (வாழ்க்கையில் அப்பா எனக்காக வாதாடியது அந்த ஒரு முறைதான். அதுவும் தப்பான வழக்கில்.)

"அப்ப எங்க பையன் சாமர்த்தியம் இல்லாதவனா?" என்றார் அந்த அம்மா.

டக், டக், டக் மட்டும். வாணி வாசலில் வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை, பார்க்க நேரமும் இல்லை. ஒரு சம்பந்தம் என் கட்டைவிரலுக்கடியில் நசுங்கிக்கொண்டிருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அந்தக் கட்டைவிரலிலோ நரம்பு இழுத்துக்கொண்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு யோகராஜ் பக்கம் சாய்ந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி உண்மையைச் சொன்னேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு இதை விடத் தெரியாது."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபமில்லை, கேலியில்லை. பவர் ஹவுஸில் மெஷின் புதுச் சத்தம் போட்டால் அப்படித்தான் பார்ப்பான் போல.

"வெரல் இழுக்குதா?"

"இழுக்குது."

"கொஞ்சம் உதறிக்கங்க மச்சான். அதுவரைக்கும் நான் அமுக்குறேன்."

சொல்லிவிட்டு, தன் கையிலிருந்த கட்டையைத் தரையில் வைத்தான். என் கைக்குக் குறுக்கே எட்டி, என் பட்டனை, என் தாளத்திலேயே தட்ட ஆரம்பித்தான். டக். டக். டக். தன் கரடியைத் தானே அடித்துக்கொண்டிருந்தான். நான் கையை உதறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு தட்டுக் கூடத் தப்பவில்லை.

அந்தப் பிடியைப் பார்த்து நான் பிரமித்தது பெரிதல்ல. பிடிபட்டவனைப் பார்த்துப் பிரமித்ததுதான் பெரிது. இத்தனை மாதம் பழகியும், பிடிபட்டவன் பக்கம் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பான் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. அவனோ என் விரலைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தான்.

மாமா பெருமூச்சு விட்டார். "இவன் இப்படித்தான். சுனாமித் தண்ணி வந்தப்ப மலை மேல ஏறி உக்காந்திருந்தோம். நாங்கல்லாம் கத்திக்கிட்டுக் கெடந்தோம். இவன் எல்லாருக்கும் தேங்கா உரிச்சுக் குடுத்துக்கிட்டிருந்தான்."

அப்போதுதான் வாணி உள்ளே வந்தாள்.

"விட்டா என்ன ஆகும்?" என்று என்னிடம் கேட்டாள்.

"அவரு என்னை அடிச்சிருவாரு."

"அடிக்கட்டும். விடு."

யோகராஜ் கையை எடுத்தான். கரடி நழுவி எழுந்து நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. அவன் தன் கட்டையைத் தரையிலிருந்து எடுக்கவே இல்லை. இரண்டு தவளையும் ஒரு கரடியும் ஆகாயத்தில் சும்மா நின்றன.

வாணி அப்பா பக்கம் திரும்பினாள். "அப்பா, எனக்குச் சம்மதம்."

எங்கள் வம்சத்தில் எந்தப் பெண்ணும் கூடத்தில் நின்று இப்படிச் சொன்னதில்லை. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்பா, இதற்கு ரூல் இருக்கிறதா என்று யாரைக் கேட்பது என்று தெரியாமல் விழித்தார். எல்லோரும் யோகராஜின் அம்மாவைப் பார்த்தோம். அவர் வெற்றிலையை வாயில் போட்டு, அவசரமில்லாமல் மென்று, தீர்ப்புச் சொன்னார்.

"பொண்ணு எங்களுக்கும் புடிச்சிருக்கு. ஒண்ணே ஒண்ணு. இந்தத் தம்பி எங்க வீட்டு ஆளுங்ககூட ஆடுறப்ப அந்தத் தவளையை எடுக்கக் கூடாது. எங்கேயும். எப்பவும்."

உலகம் வருடக்கணக்கில் அடித்துக்கொண்ட வழக்கு எங்கள் வீட்டில் ஒரு வெற்றிலை நேரத்தில் தீர்ந்தது. மேல்முறையீடு கிடையாது. கல்யாணம் நடந்தது. அவர்கள் போர்ட் பிளேருக்கே மாற்றலாகி குட்வில் எஸ்டேட் பக்கம் குடிவந்தார்கள். நான் இன்றுவரை தடை செய்யப்பட்ட ஆட்டக்காரன். வீட்டில் யாராவது ஒரு பேச்சை விடாமல் இழுத்தால், "வெரல் இழுக்குதா, நான் வேணா அமுக்கட்டுமா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் என்னிடம்தான் கேட்கிறார்கள்.

போன தீபாவளிக்கும் அந்தக் கதை வந்தது. மாப்பிள்ளை, சிரித்து முடித்த பிறகு, சாதாரணமாகச் சொன்னான்: "அந்தக் குச்சியை முன்னால தள்ளினா வீசிடும் மச்சான். ஆட்டம் முடிஞ்சிடும். மொத ஆட்டத்துலயே நான் பாத்துட்டேனே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரியுமா? அப்புறம் ஏன்யா சொல்லல? உன்னை அந்த அடி அடிச்சுக்கிட்டு, உன் கையாலயே நீ அடிச்சுக்கிட்டு!"

"அப்பத்தான் இவ வாசல்ல வந்து நின்னா. ஆட்டம் முடிஞ்சா உள்ள போயிருவாளேன்னு பாத்தேன்."

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த வாணி தலையை நிமிர்த்தவே இல்லை.

"நான் ஒண்ணும் போறதா இல்லை" என்றாள்.