பனித்தரையில் ஒரு பட்டு வேட்டி

எதிலெல்லாம் ஆபத்து இருக்கிறது என்று என்னிடம் யாரும் கேட்டுவிடக் கூடாது. சொல்லி முடிக்கப் பொழுது போதாது. குழந்தை பென்சில் சீவினால்கூடப் பக்கத்தில் போய் நிற்பவள் நான். அப்படிப்பட்டவளின் ஏழு வயது மகள் யாழினிக்கு, காலில் கத்தி வைத்த பூட்ஸ் மாட்டிக்கொண்டு பனிக்கட்டியின் மேல் ஓட வேண்டும் என்று ஆசை வந்தது. (காஞ்சிபுரத்து வெயிலில் வளர்கிற பிள்ளைக்கு வருகிற ஆசையா இது?)

ஒரு வருடம் நச்சரித்தாள். கடைசியில், சென்னையில் உறவுக்காரர் கல்யாணம் முடிந்த கையோடு, ஐஸ் ஸ்கேட்டிங் உள்ள ஒரு மாலுக்குப் போனோம். என் நிபந்தனை ஒன்றுதான். ஒரு தடவை விழுந்தாலும் சரி, அதோடு ஸ்கேட்டிங் என்ற பேச்சே இருக்கக் கூடாது. யாழினி பரீட்சைக்குப் போகிற முகத்தோடு தலையாட்டினாள்.

ஹெல்மெட், முழங்காலுக்கு உறை, கைக்கு உறை எல்லாம் மாட்டினார்கள். எனக்குப் போதவில்லை. அப்போதுதான் பையிலிருந்த பட்டு வேட்டி கண்ணில் பட்டது. என் கணவர் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் விற்பனையாளர். முகூர்த்தம் முடிந்ததும் பேண்ட்டுக்கு மாறி, வேட்டியை மடித்து வைத்திருந்தார். எங்கள் ஊர்ப் பட்டைவிட உறுதியான கயிறு உலகத்தில் உண்டா? முறுக்கினேன். ஒரு முனையை யாழினியின் இடுப்பில் கட்டினேன்.

பயிற்சி தரும் பெண், "மேடம், இதெல்லாம் கட்டக் கூடாது" என்றாள். பாதுகாப்பைப் பற்றி அவளுக்கே நான் பாடம் எடுத்தேன். பாவம், அவள் அடுத்த குழந்தையைக் கவனிக்கப் போய்விட்டாள். கணவர் மட்டும், "இன்னா வித்யா, கன்னுக்குட்டிய மேய்க்க உட்ற மாதிரி இருக்குது" என்றார். நான், நழுவிவிடக் கூடாது என்று மறுமுனையை என் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுச் சேலையோடு தளத்தின் வாசலில் நின்றேன்.

யாழினி மெல்ல நகர்ந்தாள். வேட்டி விறைத்தது. எனக்கும் அவளுக்கும் நடுவே, ஓங்குதாங்கான ஓர் இளைஞன் காற்றுபோல வந்தான்.

வேறு துணியாக இருந்தால் கிழிந்து எங்களைக் காப்பாற்றியிருக்கும். காஞ்சிப் பட்டு கிழியவில்லை. யாழினியின் இடுப்பில் நான் போட்ட முடிச்சு மட்டும் அவிழ்ந்துகொண்டது. இளைஞன் வேட்டியில் சிக்கி, அதோடு விழுந்தான். வேட்டியின் மறுமுனையில் இருந்த நான், அவன் பின்னாலேயே பனிக்கட்டியின் மேல் போனேன். பட்டுச் சேலை பனியில் எப்படி வழுக்கும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் என்னைக் கேட்கலாம். தளத்தின் நட்டநடுவில்தான் நின்றேன்.

மணிக்கட்டு வீங்கியது. முதலுதவி அறையில் வலியைவிடக் கோபம் அதிகம். படித்தவள் அல்லவா, மேலாளரை வரவழைத்து, நுகர்வோர் உரிமையில் தொடங்கி, நஷ்டஈடு தராவிட்டால் வழக்குப் போடுவேன் என்பது வரை ஒரே மூச்சில் பேசினேன். அவர் பணிவாகக் கேட்டுவிட்டு, கேமராப் பதிவைப் போட்டுக் காட்டினார்.

திரையில் வேட்டி என் கையிலிருந்து நேராக நீண்டுகொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் நெற்றியில் ஐஸ் பையை வைத்துக்கொண்டிருந்த அந்த இளைஞன்தான் முதலில் பேசினான்.

"அக்கா, அப்ப என் நஷ்டஈட்ட நான் யாராண்ட கேக்கிறது?"

என் கணவர் அவனிடம் மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்டார். ஆனால் அதற்கு முன்னால் திரைக்குக் கிட்டே போய் உற்றுப் பார்த்து, "ஒரு இழை பிரியல பாரு" என்றார்.

யாழினி என் நல்ல கையைப் பிடித்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. "நான் வுழவே இல்லமா. நீதானே வுழுந்த. அப்ப நான் மறுபடியும் வரலாந்தானே?"

நிபந்தனை போட்டவள் நான். ஓர் ஓட்டையும் இல்லாமல் என்னை மடக்கிவிட்டாள். மேலாளர், இளைஞன், கணவர் மூவரும் என் தீர்ப்புக்காகக் காத்திருந்தார்கள். "வரலாம்" என்றேன். மாவுக்கட்டோடு ஊர் திரும்பினேன்.

இப்போது யாழினி பின்பக்கமாகக்கூடச் சறுக்குகிறாள். நான் வெளியே கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். (கைகளை அப்படிக் கட்டினால்தான் அவை சும்மா இருக்கின்றன.)

அந்த இளைஞன் நஷ்டஈடு எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. கடை எது என்று மட்டும் விசாரித்துக்கொண்டு போனான். தை மாதம் அவனுக்குக் கல்யாணம். இழுத்தாலும் கிழியாத வேட்டிதான் வேண்டும் என்று என் கணவரிடமே வந்து எடுத்தான், எங்களுக்கும் பத்திரிகை வைத்தான். போனோம். தாலி கட்டி முடிந்ததும், அக்கினியை வலம்வர மாப்பிள்ளையின் வஸ்திரத்தையும் பெண்ணின் முந்தானையையும் முடிச்சுப் போட்டார்கள். அவன் கூட்டத்தில் தேடி என்னைக் கண்டுபிடித்தான்.

"அக்கா, நீங்க கொஞ்சம் தள்ளியே நில்லுங்க."

இந்தக் கதை பரவியதிலிருந்து எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்திலும், முடிச்சுப் போடும் நேரம் வந்தால், யாராவது ஒருவர் என்னைச் சாப்பாட்டுப் பந்திக்கு அனுப்பிவிடுகிறார்கள்.