சோடாவுக்கு வந்த எதிர்ப்புச் சக்தி

மண்டபத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். மேடையில் கால்சிய ஞானி. அவர் காட்டும் குழாயில் ஊதினால் தீராத நோய் தீருமாம், வழுக்கையில் முடி முளைக்குமாம். ஞானியின் தலையில் மட்டும் ஏனோ இன்னும் முளைக்கவில்லை.

வரிசையில் அக்கா, கையில் சோடா புட்டியோடு. பின்னால் தம்பி. உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளை அணுக்களே அவள் மூட்டுகளைக் கடித்துக்கொண்டிருந்தன. அவற்றை அடக்கத்தான் மாத்திரை. அவளை இங்கே இழுத்து வந்த புண்ணியவான் தம்பிதான்; மாலை வகுப்பில் உயிரியல் படிக்கும் மேதை!

"எதிர்ப்பு அணுவோட தோல்ல கதவு இருக்கு. அது திறந்து கால்சியம் உள்ளே பாய்ஞ்சாதான் அணு முழிச்சு சண்டைக்குப் போகும். உங்க எல்லாருக்கும் அந்தக் கதவு துருப்பிடிச்சுக் கிடக்கு! ஊதி இந்தத் தண்ணி வெளுத்தா, கதவு திறந்திடுச்சுன்னு அர்த்தம்!" என்று முழங்கினார் ஞானி.

"பார்த்தியாக்கா, எங்க பாடம்!" தம்பி பூரித்தான். முதல் பாதி பாடம்தான். அந்த ருசியில் துருவையும் சேர்த்து விழுங்கிவிட்டான்.

அக்கா குழாய் வழியாகக் கிண்ணத்துத் தெளிந்த நீரில் ஊதினாள். நீர் பால்போல் வெளுத்தது. கைதட்டல் கூரையைப் பிளந்தது. தம்பிதான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினான்.

"கதவு திறந்திடுச்சும்மா! இனி மாத்திரையைக் குப்பையில போடு" என்றார் ஞானி.

அக்கா மாத்திரை அட்டையை வெளியே எடுத்தாள். தம்பிக்கு அப்போதுதான் உறைத்தது. முழித்த அணுக்கள்தானே அவளைக் கடிக்கின்றன? இன்னும் கதவு திறந்தால் அவள் என்ன ஆவாள்?

வகுப்பில் எந்தச் சோதனைக்கும் பக்கத்தில் ஒரு வெற்றுக் குழாய் வைப்பார்கள். சோதிக்கும் பொருள் அதில் இருக்காது. மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். அவனுக்கு உருப்படியாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"ஐயா, அணுவே இல்லாத ஒண்ணை ஊத்திப் பார்க்கலாமா?" என்றான் தம்பி. பதிலுக்குக் காத்திராமல் அக்காவின் சோடாவை, அதே நீர் இருந்த அடுத்த கிண்ணத்தில் கொஞ்சம் சாய்த்தான்.

அதுவும் வெளுத்தது.

"என்னங்கய்யா, சோடாவுக்கும் கதவு திறந்திடுச்சா?" பின்வரிசையில் ஒரு குரல். மண்டபம் சிரித்தது.

"இது வெறும் சுண்ணாம்புத் தண்ணி அக்கா" என்றான் தம்பி. "மூச்சுலயும் சோடாவுலயும் இருக்கறது ஒரே கரியமில வாயு. மூச்சு பட்டாலும் வெளுக்கும், சோடா பட்டாலும் வெளுக்கும். ஸ்கூல்ல நானே ஊதியிருக்கேன்."

ஞானி பின்கதவு வழியாகக் கம்பி நீட்டினார். அந்தக் கதவு மட்டும் துருப்பிடிக்கவில்லை.

அக்கா மாத்திரையை வாயில் போட்டு மிச்ச சோடாவைக் குடித்தாள். "எல்லாம் தெரிஞ்ச தொரை, முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"கைதட்டிக்கிட்டு இருந்தேன்கா."

அடுத்த முறை நீங்களும் கைதட்டுமுன் ஒரு சோடா வாங்கிக்கொள்ளுங்கள்.