தலைப்பாகை கட்டிய என்னைத் தெரியாத டேப்

பதினேழு வயதில் நான் காகிதத்தை வெறுத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வெளிநாட்டிலிருந்து அப்பா ஒரு டேப், அதாவது டேப்லெட், அனுப்பியிருந்தார். அன்றிலிருந்து பாடம், கதை, கடைக்குப் போகும் சீட்டு எல்லாம் அதில்தான். அக்கா நோட்டில் எழுதுவதைப் பார்த்தால், அம்மியில் அரைப்பவளைப் பார்ப்பதுபோல் இரக்கப்படுவேன். (அம்மியில் அரைத்த துவையலை மட்டும் இரண்டு தடவை வாங்கித் தின்பேன். அது வேறு விஷயம்.)

அந்த வருஷம் இராஜாக்கமங்கலம் பக்கத்தில், எங்கள் அய்யாவழிக் கோயிலான தாங்கலில், ஏடு என்னும் புனித நூலை வாசிக்கும் முறை எனக்கு முதன்முதலாக வந்தது. அப்பா வாசித்துப் பேர் வாங்கிய இடம். மகன் வாசிப்பதைக் கேட்கவென்றே இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்திருந்தார். ஊர் முன்னால் அவர் பெருமைப்பட வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்பட்டேன்.

"பொஸ்தவத்த எடுத்துக்கிடு மக்கா," என்றார்.

"அதெல்லாம் டேப்புல ஏத்தியாச்சுப்பா. எழுத்தப் பெருசாக்கி வாசிக்கலாம்லா?"

வீட்டில் ஒரு வாரம் ஒத்திகை பார்த்தேன், வெறுந்தலையோடு. தாங்கலுக்குள் ஆண்கள் தலைப்பாகை கட்ட வேண்டும். நெற்றியில் வெள்ளை நாமமும் உண்டு. எல்லாம் முறைப்படி செய்து, ஊர் பார்க்க உட்கார்ந்து, டேப்பை முகத்துக்கு நேரே தூக்கினேன். என் முகத்தைப் பார்த்தால் திறக்கும். திறக்கவில்லை. தலைப்பாகையும் நாமமுமாக வந்திருக்கும் இந்த ஆளை அதற்குத் தெரியவில்லை. சிரித்துக் காட்டினேன். முறைத்துக் காட்டினேன். ரகசிய எண்ணைக் கேட்டது. முகம் இருக்கும்போது எண் எதற்கு என்று அதை மறந்து மாதங்கள் ஆகியிருந்தன. மெல்லத் தலைப்பாகையில் கை வைத்தேன்.

"ஏலே, உள்ள வச்சுத் தலப்பாவ அவுக்கப்பிடாது!" என்றார் தாங்கல் பணிவிடைக்காரர்.

வெளியே ஓடினேன். அவிழ்த்தேன், நாமத்தைத் துடைத்தேன், திறந்தது. டேப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு மறுபடி கட்டி, மறுபடி நாமம் போட்டு, உள்ளே வந்து பார்த்தால் பூட்டிக் கிடந்தது. சார்ஜ் மிச்சம் பிடிக்க அரை நிமிஷத்தில் அணையும்படி வைத்திருந்த புத்திசாலி நான்தான். மூன்றாவது ஓட்டத்தில் பெண்கள் சிரிப்பை அடக்குவதையே விட்டுவிட்டார்கள்.

வாசலில் அப்பா நின்றிருந்தார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ரெண்டு வருசம் கழிச்சு வந்த நான் ஏர்போட்டுல ஒன்னத் தூரத்துலயே கண்டுபிடிச்சுட்டேன். இது காலைல பாத்த மூஞ்சியத் தெரியலைங்குது. இதையா மக்கா நம்புன?"

உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து என் முறையை அவரே வாசித்தார். பக்கம் புரட்டிக் கொடுக்கும் பொறுப்பு எனக்கு. வெட்கத்தில் இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டி அதையும் கெடுத்தேன்.

போன வருஷம் எனக்குக் கல்யாணம். தலைப்பாகையும் நாமமுமாக மணமேடையில் நின்றேன். பெண் மாலையை உயர்த்தினாள், நிறுத்தினாள், என் அக்கா பக்கம் திரும்பினாள்.

"மைனி, ஆளு இவியதானா? தலப்பாவ எடுத்து ஒருக்க காட்டச் சொல்லுங்க."